விக்கிரகமும் போலி வல்லமையும்

கடலூரைச் சேர்ந்த மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் 1869 ஆம் ஆண்டு நடந்த வழக்கொன்றைத் தமிழ் கற்றோர் இன்றளவும் மறந்திலர். வழக்குத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். எதிரே நின்றவருள் ஒருவர், சிதம்பரத்தை அடுத்த மருதூரிற் பிறந்து வடலூர்ப் புறத்தில் வாழ்ந்துவந்த இராமலிங்க அடிகள். அடிகளின் பாடல்களை அவர்தம் மாணாக்கராகிய தொழுவூர் வேலாயுத முதலியார் 1867 இல் 'திருவருட்பா' என்னும் பெயரிட்டு வெளியிட்டார். அருட்பா என்னும் பெயர் தேவாரம், திருவாசகம் முதலிய திருமுறைகளுக்கே உரியது, பிறர் பாட்டுக்கு அதனைச் சூட்டுதல் தகாது என்பது நாவலர் கட்சி. 'போலியருட்பா மறுப்பு' என்னும் கண்டனம் எழுந்தது. சிதம்பரம் கோயிலிற் கூடிய கூட்டமொன்றில் தம்மை இழித்துரைத்தனர் என்று நாவலர் நீதிமன்றம் புகுந்தார். அடிகள் குற்றமற்றவராய் விடுபட்டார். நீதிபதி ஆராய்ந்தது அவதூற்றையே, அருளை அன்று. எந்தப் பாட்டு அருளால் வந்தது, எது அதன் போலி என்று தீர்க்கும் சட்டப் புத்தகம் எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

இவ்வழக்கை யாம் எடுத்தது பழம்பகையைக் கிளறுதற்கன்று. இருவரும் பெரியோர், இருவரையும் தமிழுலகம் போற்றுகின்றது. ஆயினும், மெய்யான அருளாற்றல் எது, அதன் போலி எது என்னும் வினா நமக்கு அயல்நாட்டு வினா அன்று என்பதை இவ்வழக்குக் காட்டுகின்றது. அன்றியும், அவ்வினாவை எழுப்பிய நாவலர் கிறிஸ்தவ வேதாகமத்தைக் கேள்வியளவில் அறிந்தவரல்லர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராய் அமர்ந்து, பேர்சிவல் பாதிரியாரோடு தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில் ஆண்டுக்கணக்காய் உழைத்தவர். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் அச்சேறியது. அதற்குமுன் 1848 இலேயே அவர் மிஷனை விட்டு நீங்கி, வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864 இற் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒன்றை நிறுவினார். ஆகவே, விக்கிரகாராதனையைப் பற்றி வேதாகமம் கூறுவது யாது என்று நம் கல்லூரி மாணாக்கர் ஆராயப் புகும்போது, நாவலரை எதிரே இருத்திக்கொண்டு ஆராய்தலே நேர்மையாகும். அவர் எளிதில் விடுபவர் அல்லர்.

1854 இல் நாவலர் வெளியிட்ட 'சைவதூஷணபரிகாரம்' என்னும் நூலின் போக்கு இதுவே. சைவர் விளக்கேற்றுவதையும் தூபமிடுவதையும் அபிடேகம் செய்வதையும் நைவேத்தியம் படைப்பதையும் மிஷனெரிமார் எள்ளி எழுதினர். நாவலரோ, உங்கள் வேதத்தில் இவை இல்லையோ என்று கேட்டார். யாத்திராகமத்தின் பிற்பகுதியைத் திறந்து பாருங்கள். ஆசரிப்புக்கூடாரம் உண்டு, பொன் குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு, சமுகத்தப்பம் உண்டு, அபிஷேக தைலமும் அதனைக் கூட்டும் அளவும் உண்டு, ஆசாரியனுக்குரிய உடையும் நீராட்டும் உண்டு, உடன்படிக்கைப் பெட்டியின்மேற் சிறகு விரித்த கேருபீன்களின் பொன்னுருவமும் உண்டு. இவற்றை விதித்தவர் கடவுளே என்று நீங்கள் சொல்வீராயின், எங்களை ஏன் நகைக்கின்றீர்?

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவையெல்லாம் பழைய ஏற்பாட்டோடு கழிந்தன, கிறிஸ்துவில் நிறைவேறின என்பது. அது மெய்யே, எனினும் போதாது. கடவுள் தாமே ஒருகாலத்தில் விதித்தவை தம்மளவிற் பாவமாயிருத்தல் இயலாது. ஆகவே விக்கிரகாராதனை என்னும் குற்றம் விளக்கிலும் பூவிலும் நறும்புகையிலும் இல்லை. நாவலரின் வினா நமக்குச் செய்த உபகாரம் இது: குற்றம் வேறெங்கோ உள்ளது என்று தேடவைத்தது.

அவ்விடத்தைப் பொன்கன்றுக்குட்டியின் கதை காட்டுகின்றது (யாத்திராகமம் 32). அக்கதையை அந்நிய தேவனைத் தொழுத கதை என்றே பலரும் எண்ணுகின்றனர். கூர்ந்து வாசிப்பவர்க்கு அது வேறாகத் தோன்றும். கன்றை வார்த்த ஆரோன், மறுநாள் கர்த்தருக்குப் பண்டிகை என்றே கூறினான். எகிப்திலிருந்து தங்களை மீட்ட அதே கடவுளுக்குத்தான் அவ்வுருவம். பின் அதில் என்ன பிழை? மலைமேற் சென்ற மோசே வரத் தாமதித்தார். ஜனங்கள் காத்திருக்க மாட்டாதவராயினர். தங்களுக்கு முன்னே தூக்கிச் செல்லத்தக்க ஒன்றை வேண்டினர். தூக்கிச் செல்லத்தக்க கடவுள், தூக்குவோர் போகுமிடத்துக்கே போவார். அவர்கள் நின்றால் நிற்பார். பிழை அங்கே உள்ளது. ஓரேப் மலையில் இஸ்ரவேலர் குரலைக் கேட்டனரேயன்றி உருவமொன்றையும் கண்டிலர் என்று உபாகமம் (4 ஆம் அதிகாரம்) வற்புறுத்துவதும் இக்கருத்துப் பற்றியே. உருவத்தைத் தூக்கலாம், மறைக்கலாம், பூட்டலாம். குரலுக்கோ செவிகொடுக்கலாம் அல்லது செவியடைக்கலாம், வேறொன்றும் செய்தற்கில்லை.

இவ்விடத்திற் சிதம்பரத்தை நினையாதிருத்தல் கூடாது. தில்லைக்கோயிலின் இரகசியம் என்று சொல்லப்படுவது யாது? திரையை நீக்கினால் அங்கே பொன் வில்வமாலை தொங்கும் வெளியொன்றே தோன்றும். ஆடும் கூத்தனின் பேரழகு வாய்ந்த திருவுருவம் பக்கத்தில் இருக்க, அதனினும் மேலானதாக உருவமற்ற ஆகாயத்தை வைத்துத் தொழுத முன்னோரின் எண்ணம் சிறியதன்று. எருசலேம் ஆலயத்தின் மகாபரிசுத்த ஸ்தலத்துள் கி. மு. 63 இல் உரோமத் தளபதி பொம்பேயு வலிந்து புகுந்தான். தேவவுருவம் ஒன்றும் காணாது வெற்றிடமே கண்டான் என்று உரோமச் சரித்திரக்காரர் எழுதினர். இரு வெளிகளையும் ஒன்றென்று யாம் சொல்லத் துணியோம். ஒரு வேறுபாட்டை மட்டும் குறித்தல் வேண்டும். சாலொமோன் கட்டிய ஆலயத்தில் அந்த இடம் வெறுமையாயிருக்கவில்லை. பெட்டியும் அதனுள் இரு கற்பலகைகளும் இருந்தன. உருவம் இருக்கவேண்டிய இடத்திற் கட்டளை இருந்தது. கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பன போன்ற கட்டளைகள் இஸ்ரவேலின் ஆலயத்து நடுவிடத்தை நிரப்பின.

சங்கீதக்காரரும் ஏசாயா தீர்க்கதரிசியும் விக்கிரகங்களுக்கு வாயிருந்தும் பேச்சில்லை, செவியிருந்தும் கேள்வியில்லை என்று ஏளனஞ் செய்யும்போது, கல் பேசாது என்னும் பௌதிக உண்மையை மட்டும் சொல்கின்றனர் என்று கொள்ளலாகாது. அஃது எந்தச் சிறுவனும் அறிந்ததே. மௌனமான தெய்வம் எவரையும் கடிந்துகொள்ளாது. அதனால் அது பலருக்கு வசதியாகின்றது. ஏசாயா 44 ஆம் அதிகாரத்துத் தச்சன், ஒரே மரத்திற் பாதியை அடுப்பெரித்து அப்பம் சுட்டுக் குளிர்காய்ந்து, மீதியைத் தெய்வமாக்கித் தன்னைக் காக்க வேண்டுகின்றான். அத்தெய்வம் அவனை ஏதேனும் கேட்டதாகக் கதை இல்லை.

நம் நாட்டுச் சித்தருள் சிவவாக்கியர் நட்ட கல்லைக் குறித்து நகைத்துப் பாடியதை மிஷனெரிமார் விரும்பி எடுத்தாண்டனர். சிவவாக்கியர் அவ்வாறு பாடியும் சிவனை விட்டு நீங்கினாரல்லர் என்பதை அவர்கள் அத்துணை விரும்பிச் சொன்னதில்லை. இது நிற்க.

வேதாகமம் இவ்வேளனத்தைப் புறத்தார்மேல் மாத்திரம் வீசியிருப்பின், அது வெறும் மதச்சண்டையாய் முடிந்திருக்கும். அதன் கூர்மை தன் வீட்டாரை நோக்கித் திரும்புமிடத்திலேயே விளங்குகின்றது. எரேமியா 7 ஆம் அதிகாரத்தைப் பார்க்க. களவும் கொலையும் பொய்யாணையும் செய்துவிட்டு, இது கர்த்தரின் ஆலயம், இதனுள் நிற்கும் எமக்குத் தீங்கில்லை என்று ஜனங்கள் திருப்பித் திருப்பிச் சொல்கின்றனர். தீர்க்கதரிசியோ, அழிந்துபோன சீலோவைப் போய்ப் பாருங்கள் என்கின்றார். ஆலயமே விக்கிரகமாயிற்று.

கிதியோனைப் பாருங்கள் (நியாயாதிபதிகள் 6, 8). பாகாலின் பலிபீடத்தை இரவோடிரவாய் இடித்த வீரன் அவன். ஊரார் அவனைக் கொல்ல வந்தபோது அவன் தந்தை யோவாஸ், பாகால் தேவனாயிருந்தால் அவனே தனக்காக வழக்காடட்டும் என்னும் கருத்துப்படச் சொன்ன விடை நியாயமானது. ஆனால் அதே கிதியோன், வெற்றிக்குப்பின் கொள்ளைப்பொன்னால் ஓர் ஏபோத்தைச் செய்து தன்னூரில் வைத்தான். அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று என்று அந்நூலே கூறுகின்றது. உடைத்த கையே வார்த்தது. இன்னும் வியப்பானது வெண்கலச் சர்ப்பம். எண்ணாகமம் 21 இன்படி மோசே கடவுளின் கட்டளையாற் செய்து உயர்த்தியது அது. பாம்பு கடித்தோர் அதனை நோக்கிப் பிழைத்தனர். போலியன்று, மெய்யான அற்புதத்தின் கருவி. பல நூற்றாண்டு கழித்து யூதா அரசன் எசேக்கியா பார்த்தபோது, ஜனங்கள் அதற்குத் தூபங்காட்டிக்கொண்டிருந்தனர். அவன் அதனை நொறுக்கி, நிகுஸ்தான் என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18). வெண்கலத்துண்டு என்பது போன்ற பெயர் அது. மோசே செய்ததாயிற்றே, முன்னோரை உயிர்ப்பித்ததாயிற்றே என்று அவன் தயங்கவில்லை. நேற்று அருள் வந்த வாய்க்காலை இன்று ஊற்றென்று கொண்டால், அந்த வாய்க்காலே விக்கிரகம்.

உடன்படிக்கைப் பெட்டிக்கும் இதுவே நேர்ந்தது. பெலிஷ்தரோடு செய்த போரில் தோற்ற இஸ்ரவேலர், பெட்டியைப் பாளையத்துக்குக் கொணர்ந்தால் வெற்றி உறுதி என்று எண்ணினர். ஏலியின் மக்கள் ஒப்னியும் பினெகாசும் அதனோடு வந்தனர். அவர்கள் ஆலயத்துக் காணிக்கையைக் கொள்ளையிட்டவர். பாளையம் ஆர்ப்பரித்தது, பூமி அதிர்ந்தது, மறுபடியும் தோல்வி, முன்னினும் பெருந்தோல்வி, பெட்டியும் பகைவர் கைப்பட்டது (1 சாமுவேல் 4). தாயத்தாகக் கட்டிக்கொண்ட பெட்டி தாயத்தைப் போலவே பயன்பட்டது. அடுத்த அதிகாரத்திலோ, அதே பெட்டியைப் பெலிஷ்தர் அஸ்தோத்திலே தாகோன் கோயிலில் வைக்க, காலையில் தாகோன் முகங்குப்புற விழுந்து கிடந்தது. தூக்கி நிறுத்தினர், மறுநாளும் விழுந்து தலையும் கையும் அற்றுக் கிடந்தது. அங்கே தள்ளிய மனிதன் ஒருவனும் இல்லை. கடவுளின் வல்லமையைத் தம் பக்கத்துப் படைக்கலமாக ஆக்கினவருக்கு அது கிட்டவில்லை; அவர்கள் இல்லாத இடத்தில் அது தானே விளங்கிற்று. இவ்விரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியாமல் தாகோன் விழுந்ததை மட்டும் பிரசங்கிப்பவர் பாதிக்கதையையே சொல்பவராவர்.

இனி வல்லமையைப் பற்றிய வினாவுக்கு வருவோம். விக்கிரகம் ஒன்றுமில்லையாயின், அதனைச் சூழ்ந்து நடப்பனவாகச் சொல்லப்படும் அதிசயங்கள் யாவை? எல்லாம் செப்பிடுவித்தை, கண்கட்டு என்று சொல்லி முடித்துவிடலாம்; பலவற்றிற்கு அஃது உண்மையான விடையுமாகும். ஆயினும் வேதாகமம் அவ்வளவில் நிறுத்துவதில்லை. எகிப்தின் மந்திரவாதிகளுக்கு ஏதோ ஓர் ஆற்றல் உண்டென்று ஒப்புக்கொண்டே கதை தொடங்குகின்றது (யாத்திராகமம் 7 முதல் 9 வரை). ஆரோனின் கோல் சர்ப்பமாயிற்று. அவர்கள் கோல்களும் சர்ப்பமாயின. நீர் இரத்தமாயிற்று, அவர்களும் அவ்வாறே செய்தனர். தவளைகள் ஏறின, அவர்களும் தவளைகளை வரப்பண்ணினர்.

இங்கே சற்று நின்று சிரிக்கலாம். தேசமெங்கும் குடிக்க நீரின்றித் தவிக்கையில், மிச்சமிருந்த நீரையும் இரத்தமாக்கிக் காட்டுவது என்ன உதவி? அடுப்பிலும் படுக்கையிலும் தவளை நிறைந்த அரசனுக்கு, மேலும் தவளைகளைக் கொணரத்தக்க வித்துவான்கள் வாய்த்தனர்! தவளைகளை நீக்கவேண்டியபோதோ பார்வோன் அவர்களைக் கேட்கவில்லை. மோசேயையே அழைத்து மன்றாடச் சொன்னான். போலி வல்லமையின் முதல் எல்லை இது. துன்பத்தைப் பெருக்கும், ஒரு துன்பத்தையேனும் எடுத்துப்போடாது. மூன்றாம் வாதையிற் புழுதியிலிருந்து பேன் தோன்றியபோது அவர்கள் முயன்றும் இயலாது, இது தேவனுடைய விரல் என்று தாங்களே ஒப்பினர். கொப்புளங்கள் வந்தபோது மோசேயின் முன் நிற்கவும் மாட்டாது போயினர். பிறருக்கு வித்தை காட்டியோர் தம் உடம்பைக் காக்க இயலவில்லை. அதற்குமேல் அவர்கள் கதையில் வருவதில்லை. யந்நே, யம்பிரே என்னும் அவர்கள் பெயரையும் புதிய ஏற்பாட்டில் ஒரே இடத்திற்றான் காண்கின்றோம் (2 தீமோத்தேயு 3).

ஒருவன் அதிசயம் செய்தால் அது மெய். செய்யாவிடிற் பொய் என்பதே சாதாரண ஜனங்களின் அளவுகோல். உபாகமம் 13 ஆம் அதிகாரம் இவ்வளவுகோலை முறித்துப்போடுகின்றது. தீர்க்கதரிசி ஒருவன் அடையாளமொன்றை முன்னறிவித்து, அது அவன் சொன்னபடியே பலித்தாலும், அவன் வேறு தேவர்களைப் பின்பற்ற அழைப்பானாகில் அவனுக்குச் செவிகொடாதிருக்க வேண்டும் என்று அது விதிக்கின்றது. பலித்தது என்பது சான்றாகாது. உலகத்து மதநூல்களில் இத்தகைய விதியைக் காண்பது அரிது என்றே யாம் கருதுகின்றோம். ஏனெனில் பலித்ததைக் காட்டியே ஜனங்களைச் சேர்ப்பது எங்கும் வழக்கம். எல்லா மதத்தார்க்கும் அது வழக்கம்.

கர்மேல் மலைமேல் எலியாவும் பாகாலின் தீர்க்கதரிசிகளும் போட்டியிட்ட கதை யாவரும் அறிந்தது. எந்தோரில் அஞ்சனக்காரியிடம் சவுல் போன கதையும் அத்தகையதே. அவற்றை விரிக்கவில்லை. எந்தோரைப் பற்றி ஒன்று மட்டும்: ஒளித்து வேடமிட்டுச் சென்ற அரசனுக்கு அங்கே கிடைத்தது முன்னமே அவன் கேட்டிருந்த தீர்ப்பேயன்றிப் புதிய வழியொன்றும் அன்று.

அப்போஸ்தலர் நடபடிகளில் இப்பொருள் மேலும் நுட்பமாகின்றது. சமாரியாவிற் சீமோன் என்னும் மாயவித்தைக்காரன் இருந்தான் (8 ஆம் அதிகாரம்). அவனைக் கடவுளின் பெரிய சக்தி என்றே ஊரார் சொல்லிவந்தனர். பிலிப்புவின் பிரசங்கத்தால் அவனும் விசுவாசித்து ஞானஸ்நானம் பெற்றான். இதனை மறத்தலாகாது, சீமோன் புறத்தானல்லன், சபைக்குள் வந்தவன். ஆயினும் அப்போஸ்தலர் கைகளை வைத்தலாற் பரிசுத்த ஆவி அருளப்படுவதைக் கண்டவுடன் அவன் பணத்தை எடுத்து நீட்டினான். அவனுடைய பழந்தொழிலில் வித்தை கைமாறும் முறை அதுவே. ஐரோப்பிய மொழிகளிற் சபைப்பதவியை விலைக்கு வாங்கும் குற்றத்துக்கு இவன் பெயரே பெயராயிற்று. பிலிப்பி பட்டணத்திலோ குறிசொல்லும் ஆவியுடைய ஓர் அடிமைப்பெண் பவுலின் பின்னே பல நாள் நடந்து, இவர்கள் உன்னதமான தேவனின் ஊழியர் என்று கூவினாள் (16 ஆம் அதிகாரம்). அவள் சொன்னது மெய்! இலவசமான விளம்பரம் என்று மகிழத்தக்கது. பவுலோ மனம் நொந்து அவ்வாவியைத் துரத்தினார். அவள் எஜமானர்க்குத் தங்கள் ஆதாயம் போயிற்றென்பதே கோபம். அவள் சுகமடைந்தாளோ என்று அவர்கள் கேட்டதாக ஒரு சொல்லும் இல்லை. மெய்யே பேசினாலும், ஒரு பேதைப்பெண்ணைக் கட்டிவைத்துப் பிறர்க்குப் பணம் ஈட்டித்தரும் வல்லமை கடவுளுடையது அன்று. இதனை நம் நாட்டில் யாரேனும் விளங்கிக்கொள்ள மாட்டாரோ? குறிமேடைகளின் பின்னே உண்டியலை எண்ணுபவர் ஒருவர் எப்போதும் இருக்கின்றார்.

எபேசுவில் ஸ்கேவாவின் குமாரர் எழுவர், தாம் அறியாத இயேசுவின் நாமத்தை மந்திரமாக உச்சரித்துப் பேயோட்ட முயன்றனர் (19 ஆம் அதிகாரம்). இயேசுவையும் பவுலையும் அறிவேன், நீங்கள் யார் என்று அந்த ஆவி கேட்டதும், எழுவரும் அடிபட்டு ஆடையின்றி ஓடினர். நாமம் மெய், அதனை வாயிற்கொண்ட முறை போலி. இக்கதையைக் கேட்ட அவ்வூரார் பலர் தங்கள் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எரித்தனர்; அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு என்று கணக்கிட்டனர். விற்றிருந்தால் ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

மீண்டும் வடலூரை நோக்குவோம். இராமலிங்க அடிகள் 1872 இல் திறந்த சத்திய ஞானசபையில் உருவம் இல்லை. ஏழு திரைகளுக்கு அப்பால் ஒளியொன்றே வழிபடப்படுகின்றது. தில்லைக் கூத்தனைப் பாடிப் பாடி உருகியவர் இறுதியில் இந்நிலைக்கு வந்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. இறந்தோரைச் சுடாது புதைக்கவேண்டும், அவர்கள் எழுப்பப்படுவர் என்று 1871 இல் அவர் அன்பர்களுக்கு வற்புறுத்தினார். அவர்களும் அந்நாளை எதிர்நோக்கியிருந்தனர். 1874 ஜனவரி 30 ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவடைத்தவர் மீண்டு வெளிவரவில்லை. ஒளியுருவானார் என்பது அன்பர் நம்பிக்கை. இவ்வெதிர்பார்ப்பைக் காட்டி, அடிகளையும் எகிப்தின் மந்திரவாதிகளோடு சேர்த்துவிட முந்துகின்ற கிறிஸ்தவ நண்பர் சிலர் உளர். அவர்கள் தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரு நிருபங்களையும் வாசிப்பாராக. இறந்தோர் எழும் நாளை எதிர்நோக்கியிருந்த சபை அது. பொய்யான அற்புதங்களைக் குறித்துக் கடுமையாக எச்சரிக்கும் அதே இரண்டாம் நிருபத்தில், வேலைசெய்யாது திரிவோரைக் குறித்தும் பவுல் எழுத நேர்ந்தது. வேலை செய்து தம் உணவை உண்ணுமாறு கட்டளையிட்டார். காத்திருத்தலில் நேரும் தளர்ச்சி நம்மவர்க்கும் நேர்ந்ததே.

மேலும், கர்த்தரின் நாமத்தில் தீர்க்கதரிசனம் உரைத்துப் பேய்களைத் துரத்தி அற்புதம் பல செய்தோரையும் ஒருக்காலும் அறிந்ததில்லை என்று சொல்வேன் என்றார் இயேசு (மத்தேயு 7). பசித்தவனுக்கு உணவிட்டோரையோ, அவர்கள் அறியாமலே தமக்கு இட்டவராக ஏற்றுக்கொண்டார் (மத்தேயு 25). வடலூர்த் தருமசாலையில் 1867 மே 23 ஆம் நாள் மூட்டப்பட்ட அடுப்பு இன்றும் அணையவில்லை. சாதி கேளாமல், மதம் கேளாமல் அங்கே சோறிடப்படுகின்றது. இதனைப் போலி என்று சொல்ல வேதாகமத்தில் யாம் ஆதாரம் காணோம்.

நம் வீட்டைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். திருநீறு மந்திரித்துக் கொடுப்பாரைப் பேதைமை என்கின்ற குடும்பங்களிலேயே, ஜெபித்த எண்ணெய்ப் புட்டி தலையணைக்கடியில் இருக்கக் காண்கின்றோம். பரீட்சை நாளிற் சிலுவையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாடத்தை மேசைமேல் வைத்துவிட்டு வருகின்ற மாணாக்கரும் உளர். வேதப்புத்தகத்தைக் கண்ணைமூடித் திறந்து, விரல்பட்ட வசனத்தைக் குறியாகக் கொள்வார் உளர். இவை சிறியன, நகைத்துத் திருத்தலாம். ஆனால் மேடையில் நின்று சுகமளிப்பதாக அறிவிப்பவர் சொற்கேட்டு மருந்தை நிறுத்துவதும், நிறுத்தி நோய் முற்றியபின் உனக்கு விசுவாசம் குறைவென்று நோயாளிமேலேயே பழியிடுவதும் நகைக்கத்தக்கன அல்ல. நோயோடு பழியையும் சேர்த்துச் சுமத்துவது, தவளையோடு தவளை சேர்த்த எகிப்தியர் செயலே. பவுல் தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகச் சிறிது திராட்சரசம் கொள்ளச் சொன்னார். துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததாகவும் எழுதினார். அவருடைய விசுவாசம் குறைந்ததென்று யார் சொல்வார்?

முடிவாக, விடுதி மாணாக்கர் ஆண்டுதோறும் கேட்கும் வினாவொன்று உண்டு. மார்கழித் திருவாதிரை முடிந்து சிதம்பரத்திலிருந்து திரும்பும் அறைத்தோழர் தூக்குப்பாத்திரத்திற் களி கொண்டுவருகின்றார். கிறிஸ்தவ மாணவன் அதனை உண்ணலாமோ? கொரிந்து சபையார் பவுலைக் கேட்டதும் ஏறத்தாழ இதுவே (1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை). விக்கிரகம் ஒன்றுமில்லை, ஆகையால் உணவு உணவே என்றார் அவர். ஆயினும் அங்கே நிறுத்தவில்லை. உன் அறிவைக் கண்டு, இன்னும் அவ்வழிபாட்டின் பிடியிலிருந்து முற்றும் விடுபடாத எளிய சகோதரன் தன் மனச்சாட்சிக்கு மாறாக உண்டு கெடுவானாகில், அவன்பொருட்டு உண்ணாதே என்றார். கோயிற்பந்தியில் அமர்ந்து வழிபாட்டிற் கலந்துகொள்வதை வேறாகவே வைத்தார். கர்த்தரின் பந்தியோடு அது ஒவ்வாது என்றார். விருந்துக்கு ஒருவன் அழைத்தால் மனச்சாட்சியை முன்னிட்டு ஒன்றையும் விசாரியாமல் வைத்ததை உண்ணவும், இது படைக்கப்பட்டது என்று ஒருவன் அறிவித்தால் அறிவித்தவனுடைய மனச்சாட்சியின்பொருட்டு உண்ணாதிருக்கவும் சொன்னார். களியின்மேல் ஏதேனும் ஆவி ஏறியிருக்குமோ என்று அஞ்சி மறுப்பவன், விக்கிரகத்துக்கு அது பெறாத வல்லமையைத் தானே கொடுக்கின்றான். தான் அஞ்சாதவன் என்று காட்டுதற்காகவே, அருகில் ஒரு புதிய விசுவாசி கலங்கி நிற்க, வாங்கி உண்பவன் தன் அறிவையே தொழுகின்றான். இரண்டும் இல்லாதபோது, அன்போடு கொண்டுவந்த தோழரின் முகத்தை நோக்கியே விடை சொல்லவேண்டும். மறுக்க நேர்ந்தால், ஏன் என்பதை அவர் படைத்த தெய்வத்தை இகழாமலே அவரிடம் சொல்லலாம்; உண்ண நேர்ந்தால், களியோடு வரும் ஏழுகறிக் குழம்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.